கடைசி பஸ்ஸை மட்டும் எழுதி வையுங்கள்: இத்தாலி–ஸ்லொவேனியா எல்லையில் தனியாகப் பயணிக்க முழு வழிகாட்டி

ஒரு வாரத்தில் ஐந்து நாடு பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது. ஒரே ஒரு எல்லைப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, தனியாக, நிதானமாக, போன இடத்தில் மனமும் இருக்கும்படி ஒரு வாரம் கழிக்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் எடுத்துக்கொள்ளும் பகுதி, இத்தாலியின் வடகிழக்கு முனையும் ஸ்லொவேனியாவின் மேற்கு விளிம்பும் சேரும் இடம். திரியெஸ்தே துறைமுக நகரம், கொரிட்சியா–நோவா கொரிட்சா என்ற இரட்டை நகரம், கார்ஸ்ட் சுண்ணாம்புப் பீடபூமி, சோச்சா ஆற்றுப் பள்ளத்தாக்கு எல்லாம் இதற்குள் அடக்கம். இரண்டு பக்கமும் யூரோதான், இரண்டும் ஒரே விசா செல்லும் ஷெங்கன் கூட்டத்து நாடுகள்தான். கார் இல்லாமலே போய்வரலாம்.

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவதைப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். பார்க்க வேண்டிய இடங்களை மணிக்கணக்கில் திட்டமிடுவார்கள், ஆனால் திரும்பிவரும் பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்திருக்காது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். படுக்கை, விசாத் தாள்கள், திரும்பும் வழி இவை உறுதியாக இருந்தால் நடுவிலுள்ள நேரத்தைத் தைரியமாகத் திறந்துவிடலாம். கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியம், மாற்ற வேண்டாம்.

1. இரவுகளை எண்ணுங்கள்

விசாவுக்கு முன்பே, விமான டிக்கெட்டுக்கும் முன்பே, எந்த நாட்டில் எத்தனை இரவு என்று முடிவு செய்யுங்கள். ஷெங்கன் விசாவை அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும் என்பது விதி. இரண்டும் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம் கேட்க வேண்டும். எல்லைப் பகுதியில் இது உடனே சிக்கலாகும். கொரிட்சியாவில் அறை எடுத்தால் அந்த இரவு இத்தாலிக் கணக்கு. சிறிது தூரம் நடந்து நோவா கொரிட்சாவில் எடுத்தால் ஸ்லொவேனியக் கணக்கு.

ஏழு இரவு என்றால் திரியெஸ்தேயில் நான்கு, நோவா கொரிட்சாவில் ஒன்று, சோச்சா பள்ளத்தாக்கு ஊர்களான கோபாரித் அல்லது தோல்மினில் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் இத்தாலி நான்கு, ஸ்லொவேனியா மூன்று. கணக்கு தெளிவாக இருக்கும், விண்ணப்பத்திலும் குழப்பம் வராது. மூன்று இடங்களுக்கு மேல் படுக்கை மாற்றாதீர்கள். ஒவ்வொரு மாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும். நிதானமாக இருக்கத்தான் போகிறோம், அந்த அரை நாள்தான் நமக்கு வேண்டும்.

மாதம் என்று பார்த்தால் மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்லவை. ஜூலை, ஆகஸ்டில் சோச்சா பக்கம் கூட்டம். குளிர்காலத்தில் திரியெஸ்தேயில் போரா என்ற நிலக்காற்று வீசும், அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறையும், ஜூனில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். தனியாக நடப்பவருக்கு இந்த வெளிச்சம் பெரிய துணை.

2. தாள்களை முடியுங்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். ஆனால் முடிவு வர 45 நாள் வரை ஆகலாம் என்பதால் கடைசி நேரத்துக்குத் தள்ளாதீர்கள். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்க வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் பாஸ்போர்ட் மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கமும் இருக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்காரர்கள் விசா இல்லாமல் போகலாம். ஆனால் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்ற வரம்பு அவர்களுக்கும் உண்டு.

ஒருமுறை மட்டும் நுழையும் விசா வைத்திருப்பவர்கள் பலர் ஸ்லொவேனியாவுக்குள் போனால் இத்தாலிக்குத் திரும்ப முடியாதோ என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஷெங்கனுக்குள் நாடு மாறுவது வெளியேறுவதாகாது. 2023 ஜனவரியிலிருந்து குரோஷியாவும் ஷெங்கன்தான், அங்குள்ள இஸ்திரியாவுக்கு ஒரு நாள் போய்வரலாம். போஸ்னியா, செர்பியா பக்கம் போனால்தான் விசா முடிந்துபோகும்.

இன்னொரு பக்கம், எல்லையே இல்லை என்று நினைத்துப் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. 2023 அக்டோபரில் இத்தாலி ஸ்லொவேனிய எல்லையில் மீண்டும் சோதனையைக் கொண்டுவந்து, அதைத் தொடர்ந்து நீட்டித்தது. பஸ்ஸையோ ரயிலையோ நிறுத்தி அசல் பாஸ்போர்ட் கேட்கலாம். கைபேசியிலுள்ள படம் போதாது. ஒரு நாளில் மூன்று முறை எல்லை தாண்டினாலும் பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும்.

3. ஒவ்வொரு நாளுக்கும் மூன்று வரி எழுதுங்கள்

ஒரு சிறிய நோட்டில், ஒரு நாளுக்கு ஒரு பக்கம். அதில் மூன்று வரி மட்டும்: இன்று இரவு எங்கே படுக்கிறேன், அங்கே திரும்பக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, ஒரு வேளைச் சாப்பாடு எங்கே உறுதி. வேறு எதுவும் எழுத வேண்டாம். பார்க்கும் இடங்களின் பட்டியல் மனதில் இருந்தால் போதும்.

கடைசி வண்டியை எழுதும்போது அது என்ன கிழமைக்கான அட்டவணை என்று பாருங்கள். சனி, ஞாயிறில் சோச்சா பள்ளத்தாக்கில் பஸ் மிகக் குறைவு. பள்ளிக்கூட நாட்களில் மட்டும் ஓடும் பஸ்ஸும் உண்டு. கிராஞ்ஸ்கா கோராவிலிருந்து 1,611 மீட்டர் உயரமுள்ள வர்ஷிச் கணவாய் வழியாக போவெட்ஸ் வரும் பஸ் கோடையில்தான் ஓடும். மே தொடக்கத்தில் போய் அதற்காகக் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள்.

சாப்பாட்டு வரி ஏன் என்றால், ஸ்லொவேனியாவில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். 2020 கடைசியில் சட்டமே வந்துவிட்டது. பெட்ரோல் பங்க் கடைகளும் சில சிறிய கடைகளும்தான் திறந்திருக்கும். சனிக்கிழமையே ரொட்டி, பழம், தயிர் வாங்கி வைத்துவிடுங்கள். இத்தாலிப் பக்கம் உணவகச் சமையலறை பிற்பகலில் மூடி, இரவு ஏழு ஏழரைக்குத்தான் திறக்கும். நாலு மணிப் பசிக்கு அங்கே சூடான சாப்பாடு கிடைப்பது கஷ்டம்.

4. பையும் கைபேசியும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நீங்களே தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறக்கூடிய ஒரு பை. முழு நீளக் கால்சட்டை ஒன்று கட்டாயம், இங்குள்ள காடுகளில் உண்ணிகள் உண்டு, மூளைக்காய்ச்சல் பரப்பும் வகையும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான ஒரு சிம் போதும், இரண்டு நாட்டிலும் வேலை செய்யும். வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி இறக்கி வையுங்கள். பள்ளத்தாக்கில் சிக்னல் விட்டுப்போகும். கொஞ்சம் சில்லறை யூரோவும் வேண்டும்.

சைவர்கள் இரண்டு சொல் கற்றுக்கொள்ளுங்கள்: இத்தாலியனில் ‘சென்சா கார்னே’, ஸ்லொவேனியனில் ‘பிரெஸ் மேசா’. இரண்டுக்கும் இறைச்சி இல்லாமல் என்று பொருள். யோத்தா என்ற பீன்ஸ், புளித்த முட்டைக்கோஸ் சூப் பார்க்கச் சைவம்போல இருக்கும், பெரும்பாலும் பன்றி இறைச்சி சேர்த்திருப்பார்கள், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பாலாடைக்கட்டி பூரெக், உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துப் பொரிக்கும் ஃப்ரீக்கோ, கோபாரித்தின் அக்ரூட்–திராட்சை ஷ்த்ருக்லி இனிப்பு, இவற்றை வைத்து நன்றாகவே சாப்பிடலாம்.

5. முதல் நாள் எல்லையைத் தாண்டாதீர்கள்

திரியெஸ்தே விமான நிலையத்தில் இறங்கினால் நடைபாலத்தின் வழியாக நேராக ரயில் நிலையத்துக்குப் போகலாம். வெனிஸில் இறங்கினால் மெஸ்த்ரேயிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேர ரயில். காகித டிக்கெட்டாக இருந்தால் ஏறும் முன் மேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். கைபேசி டிக்கெட்டாக இருந்தால் புறப்படும் முன் அதில் ‘செக்-இன்’ செய்ய வேண்டும். இதை மறந்து அபராதம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். டிக்கெட் வாங்கிவிட்டோமே என்ற வாதம் எடுபடாது.

முதல் நாள் திரியெஸ்தேயிலேயே இருங்கள். தூக்கக் கலக்கத்தில் புது நாடு, புது மொழி என்று அடுக்கினால் எதுவும் பதியாது. கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் பியாட்சா உனிதா சதுக்கத்தில் உட்காருங்கள். அப்புறம் ஒரு காபிக் கடையில், மேசையில் உட்காராமல் கவுண்டரில் நின்று குடியுங்கள். விலை குறைவு, தனியாக இருப்பதும் தெரியாது. இந்த ஊரில் காபிக்குத் தனிப் பெயர்கள்: ‘நேரோ’ என்றால் எஸ்பிரஸ்ஸோ, ‘காப்போ’ என்றால் கொஞ்சம் பால் நுரையோடு சிறிய கோப்பை. அதையே கண்ணாடி டம்ளரில் வேண்டுமென்றால் ‘காப்போ இன் பி’.

மறுநாள் காலை ஓபெர்தான் சதுக்கத்திலிருந்து பஸ் ஏறி ஓப்பிச்சீனா போய், தூண் நிற்கும் இடத்திலிருந்து ப்ரொசெக்கோ கிராமம் வரை நப்போலியோனிக்கா பாதையில் நடங்கள். மேடு பள்ளம் இல்லாத பாதை, ஒரு பக்கம் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் கீழே முழு வளைகுடா. தனியாக நடந்து பழக இதைவிட எளிதான இடம் இந்தப் பகுதியில் இல்லை.

6. எல்லையை நடந்தே கடங்கள்

திரியெஸ்தேயிலிருந்து கொரிட்சியாவுக்கு ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து நோவா கொரிட்சா நிலையத்துக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். எல்லை தாண்டும் நகரப் பேருந்து உண்டு, ஆனால் பை கனமில்லை என்றால் நடங்கள்.

ஏன் நடக்கச் சொல்கிறேன் என்றால், வண்டியில் போனால் எல்லை உங்களுக்குத் தெரியவே தெரியாது. 1947 சமாதான ஒப்பந்தத்தில் கொரிட்சியா நகரம் இத்தாலிக்கும், அதன் கிழக்கு ஓரமும் அங்கிருந்த ரயில் நிலையமும், ஸ்லொவேனியா அப்போது அடங்கியிருந்த யூகோஸ்லாவியாவுக்கும் போயின. நகரத்தை இழந்த பக்கம் 1948இல் புதிதாக ஒரு நகரத்தைக் கட்டத் தொடங்கியது, அதுதான் நோவா கொரிட்சா. நடக்கும்போது இது கண்ணுக்கே தெரியும். கோட்டை, குறுகிய தெரு, தேவாலயம் என்று போய்க்கொண்டிருக்கும், திடீரென்று அகலச் சாலை, மரங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் என்று மாறும். நடுவில் 1906இல் கட்டிய ரயில் நிலையத்தின் முன்னால் ஒரு சதுக்கம். இத்தாலியர்களுக்கு அது திரான்சால்ப்பீனா, ஸ்லொவேனியர்களுக்கு எவ்ரோப்பே. 2004 வரை அதன் குறுக்கே வேலி இருந்தது.

இங்கே எல்லோரும் செய்வது, எல்லைக்கோட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு கால் வைத்துப் படம் எடுத்து ஐந்து நிமிடத்தில் கிளம்புவது. படம் எடுங்கள், ஆனால் அரை மணி நேரம் இருங்கள். மாலையில் வந்தால் இன்னும் நல்லது. சைக்கிளில் வேலையிலிருந்து திரும்புகிறவர், நாயோடு வருகிறவர், குழந்தையைக் கூட்டிப் போகிறவர், எவரும் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை. வேலி இருந்த இடத்தில் அப்படி ஒரு மாலை நடப்பதைப் பார்க்கத்தான் இந்தப் பகுதிக்கு வரச் சொல்கிறேன்.

நேரமிருந்தால் தெற்கே மீரென் கிராமத்துக் கல்லறைக்குப் போங்கள். 1975 வரை எல்லைக்கோடு அந்தக் கல்லறைக்குள்ளேயே ஓடியது. ஸ்லொவேனியப் பக்கம் கோஸ்தான்யெவிட்சா குன்றின் மடத்தில் பிரான்ஸின் மன்னர் பத்தாம் சார்லஸ் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான்.

7. திட்டமில்லாத அரை நாள்: எப்படிச் செய்வது

எல்லோரும் விரும்பி, எல்லோரும் தோற்கும் படி இது. ‘இன்று எதுவும் யோசிக்காமல் சும்மா இருப்பேன்’ என்று முடிவெடுத்தால் பத்து நிமிடத்தில் கை கைபேசிக்குப் போகும். அதனால் இதற்கும் ஒரு வரிசை வேண்டும்.

முதலில், காலையில் செய்யுங்கள். பிற்பகலில் கடைசி வண்டி பற்றிய நினைப்பு கூடவே இருக்கும். இரண்டாவது, கைபேசியில் வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் அலாரம் வைத்துப் பையின் அடியில் போடுங்கள். மணி பார்க்கும் வேலையை அலாரம் எடுத்துக்கொள்ளும். மணி பார்க்கத்தான் கைபேசியை எடுக்கிறோம், எடுத்தபின் செய்திகளைப் பார்க்கிறோம், அப்புறம் ஊருக்கே போய்விடுகிறோம்.

மூன்றாவது, வீட்டுக்கு ஒரு நேரம் சொல்லிவிடுங்கள். கோடையில் அங்கே மாலை ஐந்து என்றால் நம் ஊரில் இரவு எட்டரை. ‘அம்மா, தினம் எட்டரைக்குப் பேசுறேன், நடுவுல பதில் வரலைன்னா கவலைப்படாதீங்க’ என்று முதல் நாளே சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. தனியாகப் போகிற பெண்களுக்கு இது பாதுகாப்பும் கூட. எட்டரைக்கு அழைப்பு வரவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதையும், தங்குமிடத்தின் எண்ணையும் வீட்டில் கொடுத்திருங்கள்.

நான்காவது, போய்ச் சேர்ந்ததும் நடக்காதீர்கள். இருபது நிமிடம் ஓரிடத்தில் உட்காருங்கள். புது இடத்தில் கண் முதலில் அடையாளங்களைத்தான் தேடும், எது புகழ்பெற்றது, எதைப் படம் எடுப்பது என்று. அது ஓய்ந்த பிறகுதான் சத்தமும் வாசனையும் வர ஆரம்பிக்கும். அதன் பிறகு ஒரே ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நடங்கள்: ஆற்றங்கரை, தண்டவாளத்தை ஒட்டிய தெரு, எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் என்று. கோடு இருந்தால் வழி யோசிக்க வேண்டியதில்லை, தொலையவும் மாட்டீர்கள்.

படம் எடுப்பதைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வையுங்கள். தடை போட்டால் மனம் அதையே நினைக்கும். கடைசியில் நேரம் உண்டு என்று தெரிந்தால் விட்டுவிடும். நோட்டில் எழுதுவதாக இருந்தால் உணர்ச்சிகளை எழுதாதீர்கள். கேட்டது, சாப்பிட்டது, விலை, யாரோ சொன்ன ஒரு சொல், இவற்றை எழுதுங்கள். உணர்ச்சியை எழுத ஆரம்பித்தால் எழுதுவதற்காக உணரத் தொடங்கிவிடுவோம்.

மனம் அலைந்தால் தவறில்லை. வேலை, வீடு, கடன் எல்லாம் வரும். வந்தால் இன்னொரு சுற்றுலா இடத்தைத் தேடி ஓடாதீர்கள், அங்கேயும் அவை வரும். எழுந்து அடுத்த எல்லைக்கல் வரை நடங்கள்.

8. ரயிலில் பள்ளத்தாக்குக்கு

நோவா கொரிட்சாவிலிருந்து யெசெனிட்செ பக்கம் போகும் போஹின் ரயிலில் ஏறுங்கள். புறப்பட்டதும் சொல்கான் பாலம் வரும். அதன் 85 மீட்டர் வளைவு, கல்லால் கட்டிய ரயில் பால வளைவுகளில் உலகிலேயே பெரியது. ஆனால் வண்டிக்குள்ளிருந்து அந்த வளைவு தெரியாது, அதைப் பார்க்க முந்தின நாளே பக்கத்து ஊரான சொல்கானுக்கு நடந்து போய்விடுங்கள். ரயிலில் ஆறு தெரியும், அதன் நிறத்தைப் பார்க்க ஜன்னலோரம் போதும்.

மோஸ்ட் நா சோச்சியில் இறங்கினால் நிலையம் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது, தோல்மின் இன்னும் தள்ளி. ரயில் வரும் நேரத்துக்கெல்லாம் பஸ் நிற்காது. இணைப்பு பஸ் உள்ள ரயிலை முதலில் கண்டுபிடித்துவிட்டு அதற்கேற்பக் கிளம்புங்கள். இல்லையென்றால் நோவா கொரிட்சாவிலிருந்து நேரடி பஸ்ஸே மேல்.

கோபாரித்தில் தங்கினால் நெப்போலியன் பாலம், கோஸ்யாக் அருவி, முதல் உலகப் போரின் இத்தாலிய வீரர்களது நினைவகம் மூன்றையும் ஒரே வட்டமாக நடந்து வரலாம். 1915 முதல் 1917 வரை இந்த ஆற்றங்கரையில் பன்னிரண்டு போர்கள் நடந்தன. அதனால்தான் ஒரு கண்டிப்பான விதி: குறியிட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள், துருப்பிடித்த இரும்பைத் தொடாதீர்கள். 2022 கோடையில் கார்ஸ்டில் பெரும் காட்டுத்தீ பரவியபோது மண்ணுக்குள் கிடந்த அந்தக் காலக் குண்டுகள் வெடித்தன.

ஆற்றில் இறங்க ஆசை வரும். கோடையிலும் தண்ணீர் உறையவைக்கும் குளிர். மோஸ்ட் நா சோச்சிக்குக் கீழே நீர்மின் நிலையங்கள் இருப்பதால் நீர்மட்டம் மாறலாம். தனியாக இருக்கும்போது கணுக்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

9. கார்ஸ்ட் கிராமத்தில் ஒரு மதியம்

திரியெஸ்தேக்கு மேலுள்ள கிராமங்களில் ஓஸ்மீட்சா என்று ஒரு வழக்கம். விவசாயிகள் வருடத்தில் சில நாட்கள் மட்டும் வீட்டைத் திறந்து தங்கள் வைன், சீஸ், முட்டை, ஹாம், ரொட்டி விற்பார்கள். எந்த வீடு இன்று திறப்பு என்பதை அன்றைக்கே பார்க்க வேண்டும், நேற்று திறந்திருந்தது இன்று மூடியிருக்கும். சாலைச் சந்திப்பில் இலைக்கொத்து தொங்கும், அதன் திசையில் போங்கள்.

நீள மேசையில் மற்றவர்களோடுதான் உட்கார வேண்டியிருக்கும். தனியாக வந்தவருக்கு இது வரம். இத்தாலிக்குள் இருந்தாலும் இந்தக் கிராமங்கள் பலவற்றில் வீட்டுமொழி ஸ்லொவேனியன். ‘டோபர் டான்’ என்று வணக்கம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். பணமாகக் கொடுங்கள், அட்டை எல்லா வீட்டிலும் எடுக்க மாட்டார்கள். மது குடிக்காதவர்கள் முட்டை, சீஸ், ரொட்டி, திராட்சைச் சாறு என்று கேட்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

10. தவறிப்போனால்

மாலை ஆறு முதல் எட்டு வரை தனிமை கனக்கும். சுற்றி எல்லோரும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் நேரம் அது. பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள். ஸ்லொவேனியாவில் வேலை நாட்களில் ‘மாலிட்சா’ என்ற மதியச் சாப்பாடு மலிவாகக் கிடைக்கும், தனியாகச் சாப்பிடுகிறவர்கள் அங்கே நிறைய. மாலையில் அறையில் ரொட்டியும் பழமும் போதும், அல்லது ஐந்து மணி அழைப்பைக் கொஞ்சம் நீட்டுங்கள்.

கடைசி பஸ் போய்விட்டால் இருட்டில் நெடுஞ்சாலையில் நடக்காதீர்கள், அந்தச் சாலைகளில் பல இடங்களில் ஓரமே இல்லை. அங்கேயே ஓர் அறை எடுங்கள், பழைய தங்குமிடத்துக்கு அழைத்துத் தகவல் சொல்லுங்கள். இதற்கென்று ஓர் இரவின் அறைக் காசைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தால் பதற்றமே வராது. அவசரம் என்றால் இரண்டு நாட்டிலும் 112, மலையிலும் அதே எண்தான்.

போரா வீசும் நாளில் பாறை விளிம்புப் பாதைகளை விட்டுவிடுங்கள். குடை வேண்டாம், அது ஒரு நிமிடம்கூட நிற்காது. காது மூடும் தொப்பியோடு காபிக் கடைக்குப் போய், எழுதி வைத்த மூன்று வரியில் கடைசி வண்டி இன்று ஓடுகிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.